உன்னைத் தெரியாதவர்களிடம் போ

அன்புள்ள தங்கைக்கு,

கலிஃபோர்னியாவின் டப்ளினில் வீட்டிலிருந்தபடியே கல்லூரிக்குப் போய்வந்து, படிப்புக்கு நடுவே ஒரு ஸ்டார்ட்அப்பையும் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் நீயும் ஒருத்தி. உன் பல்கலைக்கழகத்திலேயே தொழில்முனைவு மையம் இருக்கிறது, இன்குபேட்டர் இருக்கிறது, வருடாவருடம் பிட்ச் போட்டி நடக்கிறது, ஆலோசனை சொல்லப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் எல்லாமே இலவசம். இத்தனையும் உள்ளேயே கிடைக்கும்போது வெளியே எதற்காக அலைய வேண்டும் என்று நீ கேட்பது நியாயம்தான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டம் வாங்குவதற்குள் ஒரு முறையாவது உன் பல்கலைக்கழகத்தோடு சம்பந்தமில்லாதவர்கள் நடத்தும் ஒரு திட்டத்தில் சேர். பணத்துக்காக இதைச் சொல்லவில்லை, பெயருக்காகவும் இல்லை. வளாகத்துக்குள் இருப்பவர்களுக்கு நீ மாணவி. உன்னை வளர்ப்பது அவர்கள் கடமை. வெளியே இருப்பவருக்கு அந்தக் கடமை கிடையாது. நீ செய்வது அவருக்குத் தேவையில்லை என்றால், தேவையில்லை என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்த மறுப்பு சீக்கிரம் கிடைப்பதுதான் வெளித் திட்டங்களால் வரும் பெரிய நன்மை என்பது என் துணிபு.

பல்கலைக்கழகத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாணவரைத் தட்டிக்கொடுத்து, தவறு செய்ய இடம் கொடுத்து, மறுபடி முயலச் சொல்வது நல்ல ஆசிரியரின் வேலை. வளாகத்துப் போட்டியில் நடுவர்களாக வரும் முன்னாள் மாணவர்களும் தங்கள் கல்லூரிப் பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்ற அன்போடுதான் வருகிறார்கள். ஆனால் அன்பு ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம். பத்து நிமிடப் பேச்சும் பளிச்சென்ற ஸ்லைடுகளும் பரிசு வாங்கித் தரலாம்; மாதாமாதம் பணம் கட்டும் வாடிக்கையாளரைத் தராது. வளாகத்துக்குள்ளேயே இருந்தால் உன் முதல் பயனாளர்கள் எல்லோரும் உன் வயதினர். விடுதியில் தங்கும் உன் நண்பர்கள், உன் வகுப்புத் தோழிகள். மாணவர்கள் தொடங்கும் நிறுவனங்களில் எத்தனையோ, பாடக் குறிப்பு பகிர்வது, அறைத்தோழர் தேடுவது, பழைய புத்தகம் விற்பது என்று மாணவர் தேவைகளையே சுற்றிச்சுற்றி வருவதற்கு இதுதான் காரணம். கண்ணுக்கு எட்டிய உலகம் அவ்வளவுதான். நீ வசிக்கும் ஊரையே பார். ராஸ் துணிக்கடைகளின் தலைமையகம் டப்ளினில் இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும் காப்பீடும் பார்த்துக்கொடுக்கும் ட்ரைநெட்டும் டப்ளினில்தான் இருக்கிறது. 580 நெடுஞ்சாலையைத் தாண்டினால் பிளசன்டனில் வொர்க்டே, வீவா என்ற மென்பொருள் நிறுவனங்கள். கிழக்கே போனால் லிவர்மோரில் 1952 முதல் இயங்கும் தேசிய ஆய்வகம். இவர்களெல்லாம் வாங்கும் இடத்தில் இருப்பவர்கள். உன் வளாகப் போட்டிக்கு நடுவராக இவர்களில் யாராவது ஒருவர் வந்து போகலாம். ஆனால் அவர் அங்கே வருவது விருந்தினராக, வாங்குபவராக அல்ல.

வெளியாள் சொல்லும் மறுப்புக்கு என்ன மதிப்பு என்பதற்கு 2005-ல் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஒஹானியனும் வசந்தகால விடுமுறையில் பாஸ்டனுக்கு ரயிலேறிப் போய், ஹார்வர்டில் பால் கிரஹாம் பேசிய கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். கிரஹாமும் கூட்டாளிகளும் அந்த ஆண்டுதான், புதிய நிறுவனங்களுக்குச் சிறு தொகையும் வழிகாட்டலும் கொடுக்கும் ஆக்சிலரேட்டரான ஒய் காம்பினேட்டரைத் தொடங்கினார்கள். கைபேசியிலேயே சாப்பாடு ஆர்டர் செய்யும் திட்டம் ஒன்றை இந்த இருவரும் விண்ணப்பமாகக் கொடுத்தார்கள். ஐபோன் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறுநாள் அவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது கிரஹாமிடமிருந்து அழைப்பு வந்தது: உங்களைப் பிடித்திருக்கிறது, அந்த யோசனையைப் பிடிக்கவில்லை; வேறு ஏதாவது செய்வதானால் வாருங்கள். அப்படிப் பிறந்ததுதான் ரெட்டிட். கிடைத்த தொகை வெறும் 12,000 டாலர். அந்தப் பணத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்திருக்க முடியும். யோசனையை ஒதுக்கிவிட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொள்ளும் துணிவு, அவர்களோடு எந்த உறவும் இல்லாத ஒருவருக்குத்தான் இருந்தது. அதே முதல் அணியில் ஸ்டான்ஃபோர்டின் இரண்டாம் ஆண்டு மாணவர் சாம் ஆல்ட்மனும் இருந்தார். ஸ்டான்ஃபோர்டில் இல்லாத வசதியா? இருந்தும் அவர் நாட்டின் மறுகோடிக்குப் போனார்.

வெற்றி பெற்றவர்களின் கதையை மட்டும் சொல்லி எதையும் நிறுவலாம் என்று நீ நினைப்பாய், சரிதான். அதனால் ஆய்வுகளுக்கு வருகிறேன். ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் மாணவர்கள் எந்தப் பிரிவில் உட்கார வேண்டும் என்பதை நிர்வாகமே கலைத்துப்போட்டுத் தீர்மானிக்கிறது. ஜோஷ் லெர்னரும் உல்ரிகே மால்மெண்டியரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஏற்கெனவே சொந்தத் தொழில் செய்து பார்த்தவர்கள் அதிகம் இருந்த பிரிவுகளில், படிப்பு முடித்ததும் தொழில் தொடங்கியவர்கள் குறைவாக இருந்தார்கள். கூடுவார்கள் என்றுதானே யாரும் எதிர்பார்ப்போம்? குறைந்தவை தோல்வியில் முடியக்கூடிய தொழில்கள்தான். வெற்றி பெறக்கூடியவை குறையவில்லை. பட்டறிவுள்ள சக மாணவர்கள் பலவீனமான யோசனைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள் என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். சாண்டி யூ 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஆக்சிலரேட்டர்களைப் பற்றியது. அவற்றில் சேர்ந்த நிறுவனங்கள், சேராத நிறுவனங்களைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் மூடப்பட்டன. மூடப்பட்டவை அதுவரை திரட்டியிருந்த பணமும் குறைவு. மேலோட்டமாகப் படித்தால் இது கெட்ட செய்தி போலத் தோன்றும். இருபது வயதில் இருக்கும் உனக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஓடாத ஒரு யோசனையை மூன்று வருடம் இழுக்காமல் மூன்றே மாதத்தில் விட்டுவிடத் தெரிந்தால், மீதியுள்ள இரண்டே முக்கால் வருடமும் உன் அப்பாவின் சேமிப்பும் மிச்சம்.

வெறும் இடமும் பணமும் கொடுத்தால் போதாதா என்பதற்கும் விடை இருக்கிறது. சிலி நாட்டு அரசு 2010-ல் ஸ்டார்ட்-அப் சிலி என்ற திட்டத்தைத் தொடங்கி, உலகெங்குமிருந்து தொழில்முனைவோரை அழைத்துப் பணமும் அலுவலக இடமும் கொடுத்தது. அவர்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் கூடுதல் பயிற்சி. குறித்த நாளில் வந்து, சொன்னதைச் செய்தார்களா என்று கணக்குக் காட்ட வேண்டும். கோன்சாலஸ்-உரிபேயும் லெதர்பீயும் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பணமும் இடமும் மட்டும் பெற்றவர்களிடம் சொல்லும்படியான முன்னேற்றம் தெரியவில்லை. பயிற்சியும் கணக்குக் கேட்பதும் சேர்ந்தபோதுதான் நிறுவனங்கள் தெளிவாக முன்னேறின. வளாக இன்குபேட்டர்கள் பலவற்றில் உனக்குக் கிடைப்பது முதல் வகை: ஒரு மேசை, வைஃபை, கொஞ்சம் நிதி. யாரும் வந்து போன வாரம் என்ன செய்தாய் என்று அழுத்திக் கேட்பதில்லை. கேட்டாலும், தேர்வு இருந்தது என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்.

நம் ஊர்ப் பக்கம் ஓர் உதாரணம் சொல்கிறேன். இது என் வாதத்தை இன்னொரு கோணத்தில் காட்டும். அக்னிகுல் காஸ்மாஸ் என்ற ராக்கெட் நிறுவனம் 2017-ல் தொடங்கப்பட்டது. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த நிறுவனம் என்பதால் அது அந்த வளாகத்துப் பிள்ளைகளின் படைப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் ஐஐடி மாணவரல்ல. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, நிதித்துறையில் வேலை பார்த்து, பிறகு விண்வெளித் துறைக்குத் திரும்பியவர். ராக்கெட் எஞ்சினை எரித்துச் சோதிக்க ஆய்வகமும், அதைப் புரிந்த அறிஞரும் தேவைப்பட்டபோது, எரிதல் ஆய்வில் பேர்பெற்ற பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியைத் தேடிப் போனார். தன் பழைய கல்லூரியில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. தன் வேலைக்கு எந்தக் கதவு தேவையோ அதைத் தட்டினார். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் அவர்களே அமைத்த ஏவுதளத்திலிருந்து அக்னிபான் சோதனை ராக்கெட் கிளம்பியது. மின் ஸ்கூட்டர் செய்யும் ஏதர் எனர்ஜியின் தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் அதே ஐஐடியின் மாணவர்கள், அதே வளாகத்து இன்குபேட்டரில் வளர்ந்தவர்கள். ஆனால் அவர்களையும் 2014-ல் முதல் பெரிய பணம் போட்டு நம்பியவர்கள் ஃப்ளிப்கார்ட்டின் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும். வண்டி செய்யப் பின்னர் அவர்கள் பெரிய ஆலை அமைத்தது ஓசூரில். வளாகம் தொட்டிலாக இருக்கலாம். அதிலேயே நடை பழக முடியாது.

வெளித் திட்டம் என்றால் உள்ளே என்ன நடக்கும் என்று ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-ல் ஐ-கார்ப்ஸ் என்ற பயிற்சியைத் தொடங்கியது. ஸ்டீவ் பிளாங்க் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய பாடம்தான் அதற்கு மூலம். தேசிய அளவிலான பயிற்சியில் ஏழு வாரத்துக்குள் ஓர் அணி குறைந்தது 100 பேரை நேரில் கண்டு பேச வேண்டும். அதற்கான செலவுக்கு 50,000 டாலர் நிதி உண்டு, பங்கு எதுவும் எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பேச்சுக்கு ஒரு முறை இருக்கிறது. பல் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நினைவூட்டல் அனுப்பும் ஒரு செயலியை நீ செய்கிறாய் என்று வைத்துக்கொள். டப்ளின் புலவார்டில் உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போய், "இப்படி ஒரு செயலி வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால், வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று "கண்டிப்பாக வாங்குவோம்" என்பார்கள். அது பதிலே அல்ல. "போன வாரம் எத்தனை பேர் நேரம் குறித்துவிட்டு வராமல் போனார்கள்? அவர்களை யார் கூப்பிட்டார்கள்? அதற்கு எவ்வளவு நேரம் ஆனது? இப்போது இதற்கு என்ன மென்பொருள் வைத்திருக்கிறீர்கள், அதற்கு யார் பணம் கட்டுகிறார்?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். வரவேற்பு மேசையில் இருப்பவருக்குத் தொல்லை உண்டு, வாங்கும் அதிகாரம் இல்லை. டாக்டருக்கு அதிகாரம் உண்டு, தொல்லை தெரியாது. ஏற்கெனவே இருக்கும் மென்பொருளில் அந்த வசதி இருக்கும், யாரும் அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். முப்பது பேரிடம் இதே பதில் வந்தால் உன் செயலிக்கு வேலையில்லை என்று தெரிந்துவிடும். அல்லது நீ செய்ய வேண்டியது வேறொன்று என்று தெரியும். உன் நண்பர்களிடம் நூறு முறை கேட்டாலும் இது தெரியாது. இந்தப் பயிற்சியின் வட்டார மையங்களை வழிநடத்தும் பொறுப்பு கலிஃபோர்னியாவில் பெர்க்லிக்கும், நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டனுக்கும், டெக்சஸில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கும் கொடுக்கப்பட்டது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் மூன்று பகுதிகளுக்கும் வழி இருக்கிறது. குறுகிய காலத் தொடக்கப் பயிற்சிகளுக்கு வேறு கல்லூரி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்து பெர்க்லிக்கு பார்ட் ரயிலில் பே ஃபேரில் ஒரு முறை மாறினால் போதும்.

இப்போது நம் வீடுகளில் உடனே எழும் மறுப்புக்கு வருகிறேன். ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு எந்த ஆக்சிலரேட்டருக்குப் போனார், யாருடைய பணத்தை வாங்கினார் என்று கேட்பார்கள். அவர் ஐஐடி மெட்ராஸில் படித்து, நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கி, குவால்காமில் வேலை பார்த்தவர். 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் பல ஆண்டுகள் உன் வீட்டுக்கு எதிர்க்கரையில், பிளசன்டனில்தான் அமெரிக்க அலுவலகம் வைத்திருந்தது; பின்னர் அது டெக்சஸின் ஆஸ்டின் பக்கம் மாறியது. 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம் வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்தது என்பது உண்மை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உண்மை எதைக் காட்டுகிறது? அவர்கள் பிரின்ஸ்டன் வளாகத்தில் உட்கார்ந்து தொழில் செய்யவில்லை. நெட்வொர்க் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்றார்கள். முதல் நாளிலிருந்தே பணம் கொடுக்கும் அந்நியர்கள் அவர்களுக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். 2001 வாக்கில் தொலைத்தொடர்புத் துறை சரிந்து அந்தச் சந்தை சுருங்கியபோது 2002-ல் மேனேஜ்எஞ்சின், 2005-ல் இணையவழி அலுவலகச் செயலிகள் என்று அவர்கள் திசை மாற்றினார்கள். வேம்புவுக்கு அப்போது வேலை அனுபவம் இருந்தது, தொழில்நுட்பத்தில் ஆழம் இருந்தது, சென்னையில் ஓர் அணி இருந்தது. இவை உன்னிடமும் இருந்தால், கையில் பணம் கட்டும் வாடிக்கையாளரும் இருந்தால், எந்தத் திட்டமும் உனக்கு வேண்டாம் என்று நானே சொல்வேன். இல்லாதவர்கள் அந்த அந்நியர்களை எங்கே போய்ச் சந்திப்பது என்பதுதான் கேள்வி. ஜோஹோவிலிருந்து வெளியே வந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க்கும் மறு ஆண்டே மைக்ரோசாஃப்டின் பிஸ்ஸ்பார்க் போட்டிக்குப் போய் வென்றது. அத்தனை அனுபவம் உள்ளவரே வெளி மேடை ஒன்றில் தன் சரக்கை வைத்துப் பார்த்தார்.

இரண்டாவது மறுப்பு பங்கைப் பற்றியது. இதில் மறுப்பவர்கள் பக்கம் நிறைய நியாயம் இருக்கிறது. எனவே கணக்காகவே பார்த்துவிடுவோம். ஒய் காம்பினேட்டர் 2022 முதல் கொடுத்துவரும் தொகை 5 லட்சம் டாலர். அதில் 1,25,000 டாலருக்கு 7 சதவீதப் பங்கு நேரடியாகப் போய்விடும். மீதி 3,75,000 டாலர் சேஃப் என்ற ஒப்பந்தத்தில் வருகிறது. அடுத்து வரும் முதலீட்டாளருக்கு நீ கொடுக்கும் மிகச் சாதகமான நிபந்தனை இதற்கும் பொருந்தும். அடுத்தவர் உன் நிறுவனத்துக்கு 1 கோடி டாலர் மதிப்பு வைத்தால், அந்த 3,75,000 டாலருக்கு இன்னும் 3.75 சதவீதம் போகும். ஆக நூற்றுக்குப் பத்துக்கும் மேல். உன் நிறுவனம் ஓடாவிட்டால் இந்தப் பங்குக்கு மதிப்பே இல்லை. ஓடினால் இதுதான் நீ வாழ்நாளில் கொடுத்த மிக விலையுயர்ந்த பொருள். ஆகவே பங்கு கேட்கும் திட்டத்துக்கு முதலில் போகாதே. பங்கு கேட்காதவற்றில் தொடங்கு. ஐ-கார்ப்ஸ் ஒன்று. ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகம் 2001 முதல் நடத்திவரும் வணிகத் திட்டப் போட்டி இன்னொன்று; போட்டியிடப் பங்கு கேட்காது, ஆனால் பெரிய பரிசுகள் சில முதலீடாக வரும். உலகின் எந்தப் பல்கலைக்கழக அணியும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அணியில் மேற்பட்டப் படிப்பு மாணவர் ஒருவராவது இருக்க வேண்டும். தீல் ஃபெலோஷிப்பும் பங்கு கேட்பதில்லை. ஃபிக்மாவைத் தொடங்கிய டிலன் ஃபீல்ட் 2012-ல் அதைப் பெற்றுத்தான் பிரவுன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறினார். ஆனால் அது படிப்பை விடச் சொல்கிறது. அதைப் பற்றிக் கீழே. ஸ்டான்ஃபோர்டின் ஸ்டார்ட்எக்ஸ் பங்கு கேட்காது, ஆனால் ஸ்டான்ஃபோர்டோடு தொடர்புள்ளவர்களுக்கு மட்டும். பெர்க்லியின் ஸ்கைடெக் 2012-ல் தொடங்கியது. வெளியாரையும் எடுத்துக்கொள்ளும், முதலீடு செய்து பங்கும் எடுத்துக்கொள்ளும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வழக்கைத் தெரிந்துகொள். 1988-ல் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒருவர், தன் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுக்கச் சம்மதிப்பதாகக் கையெழுத்திட்டார். பிறகு பிசிஆர் முறையைக் கற்றுக்கொள்ள சீடஸ் என்ற நிறுவனத்துக்குப் போனபோது, அங்கே வாசலில் நீட்டிய படிவத்திலும் கையெழுத்திட்டார். அதில், கண்டுபிடிப்புகளை இதன்மூலம் எழுதிக்கொடுக்கிறேன் என்று இருந்தது. ஒன்று பிறகு தருவதாக வாக்கு. மற்றது அப்போதே தந்துவிட்டதற்கான பத்திரம். ரத்தத்தில் எச்ஐவி வைரஸின் அளவைக் கண்டறியும் அந்த முறை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011-ல் ஸ்டான்ஃபோர்ட் தோற்றது. சீடஸின் பிசிஆர் தொழிலை வாங்கியிருந்த ரோஷ் வென்றது. வெளித் திட்டத்துக்குப் போகாதே என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உள்ளேயும் இதே எச்சரிக்கை வேண்டும்: கூகுளின் பேஜ்ரேங்க் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டின் பெயரில்தான் இருந்தது, அதற்கு ஈடாகக் கிடைத்த பங்குகளைப் பல்கலைக்கழகம் 33 கோடி டாலருக்கும் மேல் விற்றது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நீ சம்பளம் வாங்கும் ஊழியராக இருந்தாலோ, அதன் ஆய்வு வசதிகளையோ ஆய்வு நிதியையோ பயன்படுத்தினாலோ, காப்புரிமைக் கொள்கை உன்னையும் கட்டுப்படுத்தும். ஆய்வகக் கணினியில் ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும்.

நம் சமூகத்தில் பலர் வாய்விட்டுப் பேசாத ஒன்று விசா. நீ இங்கே பிறந்தவளாக இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். டப்ளினில் எத்தனையோ பிள்ளைகள், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்கிறார்கள். அவர்கள் படிக்கலாம், வேலை செய்யக் கூடாது. 21 வயதானால் அந்த விசாவும் முடிந்துவிடும், பெரும்பாலோர் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். எஃப்-1-ல் படிப்பு முடிந்தபின் வரும் 12 மாத ஓபிடி என்ற பணிப்பயிற்சிக் காலத்தில், படித்த துறை சார்ந்த சொந்தத் தொழில் செய்ய இடமுண்டு. அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் அடுத்த 24 மாத நீட்டிப்பில் அந்தச் சுதந்திரம் இல்லை: ஐ-983 படிவத்தில் பயிற்சித் திட்டத்துக்குக் கையெழுத்திட உண்மையான முதலாளி ஒருவர் வேண்டும், தனக்குத் தானே முதலாளி என்று போட முடியாது. 2017-ல் வெளியான சர்வதேசத் தொழில்முனைவோர் விதியின்படி, நிறுவனத்தில் குறைந்தது 10 சதவீதப் பங்கு வைத்திருந்து, தகுதியுள்ள அமெரிக்க முதலீட்டாளரிடமோ அரசு நிதியிலிருந்தோ குறிப்பிட்ட தொகை பெற்றவர்கள் இரண்டரை ஆண்டு தங்கித் தொழில் நடத்த விண்ணப்பிக்கலாம்; மேலும் இரண்டரை ஆண்டுக்கு நீட்டிப்பு கேட்கலாம். அது விசாவே அல்ல, தற்காலிகமாகத் தங்கும் அனுமதி மட்டும். இவ்வளவு சிக்கல் இருக்கும்போது வெளியே போகவே வேண்டாம் என்று சொல்பவர்கள் ஒரு பாதியைத்தான் பார்க்கிறார்கள். பயிற்சி வகுப்பில் உட்காருவதும் வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்பதும் படிப்பைப் போன்றவை. சம்பளம் வாங்குவதும் அன்றாடம் நிறுவனத்தை நடத்துவதும் வேலை. எல்லை எங்கே என்பதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் குடியேற்ற வழக்கறிஞரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். வாட்ஸ்அப் குழுவில் வரும் பதிலை நம்பி ஒரு படிவத்தையும் நிரப்பாதே.

அம்மா அப்பாவின் கவலை படிப்பு. அது சரியான கவலை என்பதே என் கருத்து. படிப்பை விட்டவர்கள்தான் ஜெயிக்கிறார்கள் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. அசூலே, ஜோன்ஸ், கிம், மிராண்டா ஆகிய நால்வரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒரு பங்கு நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. உனக்கு அவசரமே இல்லை. பட்டத்தை முடி. தீல் ஃபெலோஷிப்பை மதிக்கிறேன், ஆனால் அது ஆயிரத்தில் ஒருவருக்கான வழி. எச்-4-லோ எஃப்-1-லோ இருப்பவருக்குப் படிப்பை விடுவது நாட்டை விடுவதாகவே முடியலாம். கோடை விடுமுறையில் பத்து வாரமோ, செமஸ்டருக்கு நடுவே வாரம் இரண்டு மாலையோ கேட்கும் திட்டங்கள் இருக்கும்போது, நான்கு ஆண்டுப் படிப்பைப் பணயம் வைக்கத் தேவையில்லை. வெளித் திட்டத்துக்கு ஒரு பாடத்தின் நேரம் போகும் என்றால் அதை ஒரு பாடமாகவே கருதி, அந்த செமஸ்டரில் ஒரு விருப்பப் பாடத்தைக் குறைத்துக்கொள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? சூசன் கோஹென், கிறிஸ்டோஃபர் பிங்கம், பெஞ்சமின் ஹாலன் மூவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். மென்டர்களை மாதக்கணக்கில் பரப்பி ஒவ்வொருவராகச் சந்திக்க வைத்த திட்டங்களைவிட, தொடக்கத்திலேயே ஏராளமான மென்டர்களையும் வாடிக்கையாளர்களையும் மொத்தமாகச் சந்திக்க வைத்த திட்டங்கள் நல்ல பலன் கொடுத்தன. முதல் சில வாரம் ஆளுக்கொன்று சொல்லித் தலை சுற்றும். ஆனால் தன் யோசனையில் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும் குணம் அப்போதுதான் தளரும். சக அணிகளோடு தங்கள் நிலவரத்தை ஒளிக்காமல் பகிர வைத்த திட்டங்களும் அப்படியே. அதனால் ஒரு திட்டத்தைப் பார்க்கும்போது டெமோ டே மேடையின் படத்தைப் பார்க்காதே. முதல் இரண்டு வாரத்தில் யாரைச் சந்திக்க வைப்பார்கள் என்று கேள். அங்கே போய் நிறுவனத்தை மூடியவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசு; வென்றவர்கள் சொல்வது விளம்பரத்தில் ஏற்கெனவே இருக்கும். கட்டணம் கேட்கும் திட்டங்களை, குறிப்பாகப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிச் சான்றிதழ் கொடுப்பவற்றை, ஒதுக்கிவிடு. அங்கே வாடிக்கையாளர் நீதான். உன்னிடம் முடியாது என்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது.

உன் பேராசிரியரையும் வளாக மையத்தையும் கைவிட்டுவிடாதே. பரிந்துரைக் கடிதமும் ஆய்வகமும் சக மாணவர்களின் நட்பும் அங்கேதான் கிடைக்கும். வெளியில் அடிவாங்கித் திரும்பும்போது உட்கார்ந்து யோசிக்க ஓர் இடமும் வேண்டும். ஆனால் இந்த செமஸ்டர் முடிவதற்குள் பங்கு கேட்காத ஒரு வெளித் திட்டத்துக்கு விண்ணப்பித்துவிடு. எந்த விண்ணப்பமானாலும் உன் கல்லூரியின் பெயரை ஒரு வரியில் கேட்டுவிட்டு, உன் வாடிக்கையாளர் யார், இன்று அவர் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறார் என்று விரிவாகக் கேட்பார்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல் திணறினால், மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, உன்னைத் தெரியாத ஐந்து பேரை நேரில் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்து எழுது.

அன்புடன்,
உன் நலம் நாடும் ஒருவர்